அறுபத்தொன்றாவது கை



நியூஜெர்ஸியில் வசிக்கும் எமது மருமானுக்கு வரும் ஆவணியில் நாற்பது வயது நிறைகிறது. அன்று 40 கிலோமீட்டர் ஓடுவதென்றும், கிலோமீட்டருக்கு இவ்வளவென்று தாமும் நண்பர்களும் சேர்த்த தொகையை ஒரு திவ்யதேசத்தின் ததீயாராதனத்துக்கு ஸமர்ப்பிப்பதென்றும் அவர் தீர்மானித்திருக்கிறார். "மாமா, இது பெருமாளுக்கு உகக்குமா, இல்லை வெறும் ஆடம்பரமா?" என்று தொலைபேசியில் கேட்டார். அடியோமுக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் எமது ஷஷ்டியப்தபூர்த்தியில் நடந்தது நினைவுக்கு வந்து வாயை அடைத்தது.

அப்போது இரண்டு ஸங்கல்பங்கள் செய்துகொண்டிருந்தோம். ஒன்று, திருக்கடிகை என்னும் சோளிங்கபுரத்தில் பெரியமலையின் 1305 படிகளையும் டோலியில் ஏறாமல் கால்நடையாகவே ஏறி யோக நரஸிம்ஹனை ஸேவிப்பது. மற்றொன்று, ஸந்நிதிகளில் கைங்கர்யம் செய்யும் அறுபது பேருக்கு வஸ்த்ரமும் ஸம்பாவனையும் ஸமர்ப்பிப்பது. ரோப் கார் 2024இல்தான் வந்தது. அன்று படிகளைவிட்டால் டோலி ஒன்றே கதி. அடிவாரத்தில் டோலி தூக்குவோர் சூழ்ந்துகொண்டு அழைத்தார்கள். கையை உயர்த்தி மறுத்துவிட்டு நடந்தோம். அந்த மறுப்பில் இருந்த பெருமிதம் இப்போது நினைத்தாலும் கூசச் செய்கிறது. முழங்கால் கெஞ்ச, குரங்குகள் கைப்பையைக் குறிவைக்க, ஒருவாறு ஏறி முடித்தோம். திருமுன்பே நின்றபோது முதலில் தோன்றியது பாசுரமன்று. ஏறுவதற்கு எத்தனை நிமிடம் ஆயிற்று என்ற கணக்குத்தான்.

அதுகூடப் போகட்டும். சொல்ல வந்தது இரண்டாவது ஸங்கல்பத்தைப் பற்றி.

முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் வவுச்சர்களோடு வாழ்ந்தவர்கள் நாம். வரிசை எண், பெயர், கைங்கர்யம், கையொப்பம் என்று நான்கு பத்திகள் இட்டுப் பட்டியல் தயாரித்தோம். அறுபது உறைகள், அறுபது வஸ்த்ரங்கள். திருமடைப்பள்ளியில் கரியடுப்பின் முன் நிற்பவர், திருமாலை கட்டுபவர், தீவட்டி பிடிப்பவர் என்று ஒவ்வொருவராக வந்து பெற்றுக்கொண்டார்கள். அறுபதாவது கையொப்பமும் வாங்கியாயிற்று. பேனாவை மூடும்போது, நந்தவனத்தில் துளஸி பறித்துத் தரும் மூதாட்டி ஒருவர் வந்து நின்றார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. அது எமது மறதி.

"பட்டியல் முடிஞ்சு போச்சே அம்மா" என்றோம்.

"பரவாயில்லை சாமி. பெருமாள் உங்களை நல்லா வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடியோம் அன்று வருந்தவில்லை என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். கணக்கு நேரானதில் மகிழ்ந்துகூட இருந்தோம். இரவு அகத்தில் தேவிகள்தாம் கேட்டார்: "ஏன்னா, அறுபத்தொண்ணு கொடுத்தா ஆயுசு குறைஞ்சுடுமா?" மறுநாள் ஒரு புடவையும் ஸம்பாவனையும் எடுத்துக்கொண்டு நந்தவனத்துக்குச் சென்றோம். அம்மூதாட்டி கையை நீட்டாமல், "இது எனக்குத்தானா சாமி? பட்டியல்ல இல்லையே" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஐயுற்றார்.

கீதையின் பதினெட்டாம் அத்யாயத்துக்கு பாஷ்யமிடும்போது எம்பெருமானார் த்யாகம் மூவகைப்படும் என்று காட்டியருளினார்: பயன் எனக்கு என்பதை விடுவது, இக்கர்மம் என்னுடையது என்பதை விடுவது, செய்பவன் நான் என்பதை விடுவது. முதலாவதை விட்டுவிட்டதாகவே எண்ணியிருந்தோம். எங்கும் உபயம் என்று பெயர் பொறிக்கவில்லை. குழல்விளக்கின் வெளிச்சத்தையே மறைக்கும்படி பெயரெழுதும் உபயகாரர்களைக் கண்டு நகைத்தவர்கள் நாம். ஆனால் 'என் அறுபது' என்பதை விடவில்லை. கொடுக்கப்பட்ட பொருளைவிட அந்த எண்ணின்மேல் பற்று அதிகமாக இருந்தது. பெறவந்தவர் யார் என்று பாராமல், எத்தனையாவது என்றே பார்த்தோம்.

அப்படியானால் எண்ணிட்டு நேர்வதே பிழையா? அவ்வாறு கூறுவாரும் உளர். ப்ரபந்நனுக்குப் பிறந்தநாள் ஸங்கல்பம் எதற்கு என்று அவர்கள் கேட்பதுண்டு. எமக்கு அது உடன்பாடன்று. எண் என்ற ஒன்று இல்லாவிடில் எம்மைப் போன்ற சோம்பர்கள் ஒன்றையும் தொடங்கவேமாட்டோம். மேலும், நாச்சியாரே எண்ணிட்டு நேர்ந்தவளன்றோ! திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் வாயால் நேர்ந்துவைத்தாள். அவள் வாக்கால் நேர்ந்ததைப் பின்னாளில் எம்பெருமானார் த்ரவ்யமாகவே ஸமர்ப்பித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் திருவாயாலே அண்ணன் என்று அழைக்கப்பெற்றதைக் கூடாரவல்லிதோறும் நினைக்கிறோம். ஆனால் நாச்சியார் திருமொழியில் அதற்கு அடுத்த பாசுரத்தை ஊன்றி நோக்கவேண்டும். அவன் வந்து அத்தனையும் அமுது செய்வானாகில், ஒன்றை நூறாயிரமாகப் பெருக்கிக் கொடுத்து, அதற்கு மேலும் அடிமை செய்வேன் என்கிறாள். நேர்ந்த எண் நிறைவேறும் இடத்தில் அவளுக்குக் கணக்கு முடியவில்லை. அங்கேதான் தொடங்குகிறது. நூறு என்றது அவனை வரவழைப்பதற்கு. எமது அறுபதோ வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கு உதவிற்று.

நம்மாழ்வார் நிலை இன்னும் மேலே. திருவாய்மொழி இரண்டாம் பத்தில், அவன் செய்த உபகாரத்துக்குக் கைம்மாறாகத் தம் ஆத்மாவையே கொடுத்துவிட்டு, மறுகணமே தெளிந்து, இது யாருடையது, கொடுக்க நான் யார் என்று கேட்கிறார். கொடுத்தபின் ஆழ்வார் கூசினார். அடியோம் கொடுத்தபின் கூட்டிச் சரிபார்த்தோம்.

மருமானுக்கு இரண்டு நாள் கழித்து விடை எழுதினோம். "தாராளமாக ஓடு, கால் தந்தவன் பார்த்துக்கொள்வான். பணத்தை மட்டும் நாற்பதோடு நிறுத்திவிடாதே. ததீயாராதனத்தில் இலை எண்ணிப் போட்டாலும், பந்தி முடிந்தபின் வருகிறவருக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, அதற்கும் சேர்த்து அனுப்பு" என்பதே அது. ஓட்டத்தின் நிமிடக் கணக்கை முகநூலில் இடவேண்டாம் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டோம். பெரியமலையில் கடிகாரம் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல அருகதை இல்லை.

எமக்கும் எழுபது நெருங்குகிறது. பீமரத சாந்தி வரும். இம்முறை பட்டியலில் வரிசை எண் பத்தியே கூடாது என்பது தேவிகளின் நியமனம். நேற்று ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். முதலில் எழுதியது துளஸி பறிக்கும் மூதாட்டியின் பெயர். எழுதிய பின்பே பார்த்தோம்: அதன் இடப்பக்கத்தில் கை தானாகவே 1 என்று இட்டிருந்தது.