ஒரே அறையில் மூவர்



கல்லூரிகள் திறக்கும் காலம் வந்துவிட்டது. நம் பங்கிலே பல வீடுகளில் பெட்டி கட்டுகிற வேலை நடக்கிறது. பாய், தலையணை, வாளி, பூட்டு, பருப்புப்பொடி, அம்மா சுட்ட முறுக்கு எல்லாம் பெட்டிக்குள் போகின்றன. பிள்ளையின் கழுத்தில் உத்தரியம் போட்டு, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புகிற தாய்மாரும் உண்டு. நல்லதுதான். ஆனால் ஒரு காரியத்துக்கு மட்டும் நாம் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதில்லை. இதுவரை முகம் பாராத ஒருவனோடு, அல்லது மூவரோடு, நாலு சுவருக்குள் மூன்று வருஷம் எப்படி வாழ்வது என்பதே அந்தக் காரியம்.

இதை அற்ப விஷயமென்று எண்ணாதீர்கள். விடுதிக்குப் போன முதல் மாதத்தில் பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லுகிற குறைகளைக் கேளுங்கள். "நான் தூங்கும்போது விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறான்." "என் சோப்பைக் கேட்காமலே எடுக்கிறாள்." "விடிய விடிய போனில் பேசுகிறாள்." "என் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறான்." பாடம் கடினம் என்று அழுகிற பிள்ளையும் உண்டு; அறைக்குத் திரும்பவே மனமில்லை என்று அழுகிற பிள்ளையும் உண்டு. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

ஆகையால் இன்று உங்களுக்கு ஓர் அறையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

பாரீஸ் நகரத்திலே, அர்ச். பார்பரம்மாளின் பெயரால் விளங்கிய சேந்த் பார்ப் என்னும் கல்லூரி இருந்தது. 1525ஆம் ஆண்டில் பாரீசுக்கு வந்த இரண்டு மாணவர் அங்கே ஓர் அறையில் தங்கியிருந்தார்கள். ஒருவர் பேதுரு பாபர். சவோய் மலைநாட்டுக் குடியானவர் மகன், சிறு வயதில் ஆடு மேய்த்தவர், சாந்தமானவர், ஆனால் எதற்கெடுத்தாலும் 'இது பாவமோ, அது பாவமோ' என்று மனங்கலங்குகிற சுபாவம். மற்றவர் பிரான்சிஸ் சவேரியார். நவார் நாட்டிலே கோட்டையில் பிறந்த பிரபு வம்சத்தவர். ஓட்டத்திலும் தாண்டுதலிலும் பேர்பெற்றவர். பெரிய பதவியும் கீர்த்தியும் தேடினவர். இருவரும் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஆறே நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள்.

1529ஆம் ஆண்டில் அதே அறைக்கு மூன்றாவது ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். வயது முப்பத்தெட்டு. ஒரு கால் சற்றே நொண்டும். கையில் காசில்லை, பிச்சை வாங்கிப் படிக்கிறவர். அவர்தாம் லொயோலா இஞ்ஞாசியார். எட்டு ஆண்டுகளுக்கு முன், 1521ஆம் ஆண்டில், பம்பலோனா கோட்டையைக் காஸ்டீல் அரசுக்காகக் காத்து நின்றபோது பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் முறிந்தது. அந்த யுத்தத்தில் எதிர்ப் பக்கம் நின்றவர்கள் யார் தெரியுமா? சவேரியாரின் சொந்த அண்ணன்மார்!

இந்த மூவரையும் இன்று ஒரு வார்டன் ஒரே அறையில் போட்டிருந்தால், பெற்றோர் சும்மா இருப்பார்களா? "சின்னப் பையன்களோடு இந்தப் பெரிய ஆளை ஏன் போட்டீர்கள்?" என்று ஒருவர் கேட்பார். "எங்கள் குடும்பத்துக்கு ஆகாதவன், வேறு அறை கொடுங்கள்" என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். ஆனால் அந்த அறையிலிருந்து மூன்று அர்ச்சியசிஷ்டவர்கள் புறப்பட்டார்கள். எப்படி என்று பார்ப்போம்.

முதலாவது, அவர்கள் ஒருவரிடம் ஒருவர் உதவி பெற வெட்கப்படவில்லை. இஞ்ஞாசியாருக்குத் தத்துவ பாடம் எளிதில் ஏறவில்லை. பாடங்களைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும்படி பாபரை ஆசிரியர் ஏற்படுத்தினார். போர்வீரராயிருந்தவர், தம்மைவிடப் பதினைந்து வயது குறைந்த இடையர் மகனின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு பாபர் தம் மனக்கலக்கத்தையெல்லாம் இஞ்ஞாசியாரிடம் திறந்து சொல்லி, அவர் புத்திமதியால் சமாதானம் அடைந்தார். அந்த நாட்களில் தாங்கள் ஒரே அறையும் ஒரே மேசையும் ஒரே பணப்பையுமாய் வாழ்ந்ததைப் பாபர் பிற்காலத்தில் சர்வேசுரனுக்கு நன்றி சொல்லி எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைகளே, உங்கள் அறையிலும் கணக்கு தெரிந்தவன் ஒருவன் இருப்பான். இங்கிலீஷ் தெரிந்தவள் ஒருத்தி இருப்பாள். கேளுங்கள். கொடுக்க மட்டும் தெரிந்து, வாங்கத் தெரியாதவனிடம் ஒருவகைக் கர்வம் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது, அவர்கள் அறைக்கு ஓர் ஒழுங்கு வைத்தார்கள். படிக்க உட்கார்ந்தால் பாபரும் இஞ்ஞாசியாரும் ஞான காரியங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்களாம்; பாடம் நின்றுபோகுமாம். ஆகையால் படிக்கிற நேரத்தில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள் என்று சரித்திரம் சொல்லுகிறது. கவனியுங்கள்: பேசினது தேவகாரியம்! அதற்கே நேரம் குறித்தார்கள் என்றால், சினிமாப் பாட்டுக்கும் செல்போனுக்கும் நேரம் குறிக்க வேண்டாமா? முதல் வாரத்திலேயே கூடி உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்: விளக்கு எத்தனை மணிக்கு அணைவது, யார் என்றைக்குக் கூட்டுவது, எதைக் கேட்டு எடுப்பது, எதைக் கேளாமல் எடுக்கலாம் என்று. மனக்கசப்பு வந்தபின் பேசினால் சண்டையாகும். முன்னமே பேசிக்கொண்டால் சட்டமாகும்.

மூன்றாவது, புத்தி சொல்லுமுன் உதவி செய்தார்கள். சவேரியாருக்கு இஞ்ஞாசியாரைப் பிடிக்கவில்லை. அவர் ஏழைக்கோலத்தையும் பக்தியையும் கேலி செய்தார். இஞ்ஞாசியார் கோபித்துக்கொண்டு வேறு அறை தேடவில்லை. ஓயாமல் பிரசங்கமும் செய்யவில்லை. சவேரியார் 1530ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்று வேறொரு கல்லூரியில் தத்துவம் போதிக்கத் தொடங்கினபோது, அவர் வகுப்புக்கு மாணாக்கரைச் சேர்த்துவிட்டார். பணமுடை வந்தபோது கைகொடுத்தார். இப்படியே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கடந்தன. உலகத்தை ஆதாயமாக்கி ஆத்துமத்தை இழப்பதைப் பற்றிச் சேசுநாதர் சுவிசேஷத்தில் கேட்கிற கேள்வியை இஞ்ஞாசியார் சமயம் பார்த்து நினைப்பூட்டி வந்தார். உதவி பெற்ற இருதயத்திலே அந்தக் கேள்வி தைத்தது. வெறும் வாயால் கேட்டிருந்தால் அது காற்றோடு போயிருக்கும்.

பெற்றோரே, இனி உங்களோடு ஒரு வார்த்தை. விடுதியில் பிள்ளையைச் சேர்த்த அன்றே நம்மில் சிலர் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்கிறோம்: "உன் அறையில் இருக்கிறவன் எந்த ஊர்? என்ன ஆளுகளாம்?" நாம் எதைக் கேட்கிறோம் என்று பிள்ளைக்கு நன்றாய்த் தெரியும். அந்த ஒரே கேள்வியால், பதினெட்டு வருஷமாய் ஞானோபதேச வகுப்பில் அவன் படித்ததையெல்லாம் நாமே அழித்துவிடுகிறோம். பிறன் யார் என்று கேட்ட சட்ட வல்லுநனுக்குச் சேசுநாதர் சொன்ன பதிலை நினைத்துப் பாருங்கள். யூதன் தீண்டவும் விரும்பாத சமாரியனையே அவர் உத்தமனாக எடுத்துக் காட்டினார். வழியிலே நமக்கு எதிர்ப்பட்டவனே நம் பிறன். விடுதியிலே அறிவிப்புப் பலகையில் நம் பெயருக்குக் கீழே எவன் பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ அவனே நம் பிறன். அவன் இந்துவாயிருக்கலாம், முகமதியனாயிருக்கலாம், நீங்கள் வீட்டுத் திண்ணையோடு நிறுத்தி வைத்த குலத்தானாயிருக்கலாம். அவன் தட்டிலிருந்து உங்கள் பிள்ளை சாப்பிடட்டும்; அவனும் உங்கள் வீட்டு முறுக்கைத் தின்னட்டும். விடுமுறையில் அவனை வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். வந்தால் கூடத்தில் உட்காரவைத்து, உங்கள் கையாலே சோறு போடுங்கள். அன்று உங்கள் பிள்ளை கற்கிற ஞானோபதேசத்தை ஆயுள் முழுவதும் மறக்க மாட்டான்.

ஆனாலும் ஒன்றைத் தெளிவாய்ச் சொல்ல வேண்டும். பொறுமை வேறு, கொடுமைக்குத் தலைகுனிவது வேறு. சோப்பை எடுத்தவனைப் பொறுத்துக்கொள்ளலாம். அடிக்கிறவனை, அவமானப்படுத்துகிறவனை, குடிக்கவும் கெட்ட வழிக்கும் இழுக்கிறவனைப் பற்றி வார்டனிடம் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடைசெய்து 1997ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளை அழுது போன் செய்தால், "எல்லோருக்கும் இருக்கிறதுதான், சகித்துக்கொள்" என்று வைத்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்று முழுவதும் கேளுங்கள். தேவையானால் அடுத்த பஸ்ஸில் புறப்பட்டுப் போங்கள்.

பிள்ளைகளே, இன்னொன்றும் உண்டு. உன் அறையில் இருக்கிறவன் நாலு நாளாய் மெஸ்ஸுக்கு வரவில்லை, யாரோடும் பேசவில்லை, இரவெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். இது பேராசிரியருக்குத் தெரியாது. அவன் தாய்க்கும் தெரியாது, போனிலே "நல்லாயிருக்கேன் அம்மா" என்று சொல்லிவிடுவான். தெரிந்தவன் நீ ஒருவன்தான். அப்பொழுது பக்கத்தில் போய் உட்கார். "சாப்பிட்டாயா?" என்று கேள். அவனைத் தனியே விடாதே, பெரியவர்களுக்குச் சொல். அவன் ரகசியத்தை வெளியிட்டதாக ஆகாது. ஓர் உயிரைக் காத்ததாக ஆகும். அந்த வேளையில் அவனுக்கு நீயே காவல் சம்மனசு.

பாரீஸ் அறை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1534ஆம் ஆண்டு, தேவமாதாவின் மோட்சாரோபணத் திருநாளான ஆகஸ்டு 15ஆம் தேதி, இந்த மூவரும் இன்னும் நான்கு தோழரும் மோமார்த்ர் குன்றிலுள்ள கோயிலில் கூடித் தங்களைச் சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுத்து வார்த்தைப்பாடு செய்தார்கள். அவர்களில் அப்போது குருப்பட்டம் பெற்றிருந்தவர் பாபர் ஒருவரே. அவரே திவ்விய பூசை நிறைவேற்றினார். அதிலிருந்து சேசு சபை தோன்றியது. சவேரியார் 1542ஆம் ஆண்டில் கோவாவில் வந்திறங்கி, அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழிலே மனப்பாடம் பண்ணி, கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அத்தனை தூரத்திலும் அறைத்தோழரை அவர் மறக்கவில்லை. அவர்கள் எழுதின கடிதங்களிலிருந்து கையெழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்துக்கொண்டு தீவு தீவாய்த் திரிந்தார். பாபர் 1546ஆம் ஆண்டில் இறந்தார். அதன்பின் மலாக்காவிலிருந்து கொச்சிக்கு வரும் வழியில் கடும் புயலில் அகப்பட்டபோது, பாபரின் ஆத்துமத்தின் மன்றாட்டைத் தேடினதாக 1548ஆம் ஆண்டில் சவேரியாரே எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் பக்கத்துப் படுக்கையில் தூங்கினவன், நடுக்கடலில் அவருக்கு மோட்சத்துப் பரிந்துபேசுகிறவராய்த் தோன்றினார்!

இஞ்ஞாசியாருக்கும் சவேரியாருக்கும் 1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி ஒரே நாளில் அர்ச்சியசிஷ்ட பட்டம் கிடைத்தது. பாபருக்கு 2013ஆம் ஆண்டில் கிடைத்தது. ஆட்டிடையர் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தார். ஆயினும் மூவரும் மறுபடி கூடிவிட்டார்கள். சேந்த் பார்ப் கல்லூரி 1999ஆம் ஆண்டில் மூடப்பட்டு, அந்த இடம் இப்போது நூலகமாயிருக்கிறது. நம் நாட்டிலோ சென்னையில் லொயோலா கல்லூரி என்றும், பாளையங்கோட்டையில் சவேரியார் கல்லூரி என்றும் அந்த அறைத்தோழரின் பெயர்கள் நிற்கின்றன. அங்கேயே விடுதியில் சேருகிற நம் பங்குப் பிள்ளைகளும் இருக்கலாம்.

ஆகையால், பிரியமானவர்களே, பெட்டி கட்டி முடிந்ததும் இன்றிரவு குடும்ப ஜெபத்திலே ஒரு பரமண்டல மந்திரமும் மூன்று அருள் நிறைந்த மந்திரமும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்காக மட்டும் அல்ல. அந்த அறையிலே வந்து சேரப்போகிற, இன்னும் பெயர் தெரியாத அந்த மற்றப் பிள்ளைக்காகவும் சொல்லுங்கள். எங்கேயோ ஒரு வீட்டில் அவன் தாயும் இப்பொழுது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆமென்.