பந்துக்களும் பந்தியும்

கிறிஸ்துமஸ் பண்டிகையை உற்றார் உறவினர் ஒன்றுகூடும் வைபவமாகக் கொண்டாடுவது, அந்தப் பண்டிகைக்கு உரியவராகிய இயேசுநாதரின் கருத்துக்கு இசைந்ததுதானா என்று திருநெல்வேலிச் சீமையில் ஒருவன் கேட்பானாகில், அவனுக்குச் சித்தம் சுவாதீனத்தில் இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர்கள் சந்தேகிப்பார்கள். நாசரேத்திலும் முதலூரிலும் மெஞ்ஞானபுரத்திலும் இடையன்குடியிலும், பள்ளிக்கூடங்களில் அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு, சென்னையிலும் பம்பாயிலும் உத்தியோகம் பார்க்கிற பிள்ளைகள் பெட்டி படுக்கையோடும் குழந்தை குட்டிகளோடும் வந்து இறங்குவதும், வருஷமெல்லாம் பூட்டிக் கிடந்த வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டுத் திறக்கப்படுவதும், வாசலில் மூங்கில் சிம்பில் வர்ணக் காகிதம் ஒட்டிய நட்சத்திரம் ஏற்றப்படுவதும், டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்குரிய வாக்குத்தத்த வசனத்தை ஆளுக்கொன்றாக எடுத்துப் படித்த பிறகே கூட்டம் கலைவதும் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காரியங்கள். இதிலே கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பார்கள். இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டின் அடுக்களையைப் பண்டிகைக்கு முந்திய வாரத்தில் எட்டிப் பார்த்தவர்கள், உறவு என்பது என்ன என்பதற்கு வேறு விளக்கம் தேடமாட்டார்கள். பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, எள்ளும் தேங்காயும் சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் பிசைந்து, சூடு ஆறுமுன் கை பொறுக்கப் பொறுக்க உருண்டை பிடித்து, அரிசிமாவுக் கரைசலில் மும்மூன்றாகத் தோய்த்து எண்ணெயில் போடுகிற முந்திரிக்கொத்து என்ற பலகாரம், ஒருத்தி தனியே உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடியதன்று. பாகின் பதம் பார்க்க மூத்த மதினி, உருண்டை பிடிக்க நான்கைந்து பெண்கள், சட்டியின் முன்னே வேர்க்க விறுவிறுக்க ஓர் அத்தை, ஆறியதை எண்ணித் தகர டின்னில் அடுக்க ஒரு குமரி என்று இத்தனை பேரும் வேண்டும். அந்த வேலையின் நடுவேதான் யாருக்கு என்ன வியாதி, எவள் வீட்டில் வரன் பார்க்கிறார்கள், எந்தத் தம்பி எந்த அண்ணனோடு பேசுவதில்லை என்ற ஒரு வருஷத்துச் சமாசாரங்கள் அனைத்தும் கைமாறுகின்றன. விடியுமுன் ஆராதனைக்குக் கோயில் மணி அடிக்கும்போது, பட்டாசாலையில் ஜமக்காளத்தின்மேல் வரிசையாகக் கிடக்கும் பிள்ளைகளில் எது யாருடையது என்று பாராமல், அகப்பட்டதை எழுப்பி, அகப்பட்ட சட்டையை மாட்டி, முகத்தைத் துடைத்து அனுப்புகிற பெரியம்மாவைக் கண்டவன் எவனும் இந்த வாழ்வைக் கேலி செய்யத் துணியமாட்டான். எனக்கும் அந்த எண்ணமில்லை.

ஆயினும், வேத புஸ்தகத்தைத் திறந்தால் தர்மசங்கடம் தொடங்குகிறது. தாயும் சகோதரரும் வெளியே நின்று ஆள் அனுப்பியபோது, தம்மைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டி, கடவுளின் சித்தப்படி நடப்பவர்களே தமக்குத் தாயும் உடன்பிறந்தாரும் என்று சொல்லிவிட்டவர் இந்தப் பண்டிகையின் நாயகர். பெற்றோரையும் மனைவி மக்களையும் வெறுக்காதவன் தமக்குச் சீஷனாகமாட்டான் என்று அவர் கூறியதாக லூக்கா எழுதியிருப்பதை, எந்தப் போதகரும் கிறிஸ்துமஸ் காலையில் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. எடுத்தாலும், வெறுப்பு என்பது இங்கே சற்றுக் குறைவாக நேசிப்பதைக் குறிக்கும் என்று வியாக்கியானக்காரர்கள் சமாதானம் வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கட்டும். அதே 14-ஆம் அதிகாரத்தில் சற்று முந்தி, நம் வீட்டு விருந்துச் சாப்பாட்டுக்கே நேராக வந்து தைக்கிற கட்டளை ஒன்று இருக்கிறது: விருந்து வைக்கிறவன், திரும்ப அழைக்கக்கூடிய நண்பர்களையும் சகோதரரையும் உறவினரையும் செல்வரான அயலாரையும் விட்டுவிட்டு, திரும்பச் செய்ய வகையில்லாத ஏழைகளையும் அங்கவீனரையும் பார்வையற்றோரையும் அழைக்கவேண்டும் என்பது. இதற்கு என்ன சமாதானம் சொல்வது?

இப்படிச் சொன்னவரின் ஜனன சரித்திரமோ சுற்றத்தால் நிறைந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. கர்ப்பவதியான மரியாள் மலைநாட்டிலுள்ள தன் உறவுக்காரியாகிய எலிசபெத்தின் வீட்டுக்குப் போய் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். யோசேப்பு பெத்லகேமுக்குப் போனதற்குக் காரணமே அவன் தாவீதின் வம்சத்தான், அது அவனுடைய பூர்வீக ஊர் என்பதுதான். சொந்த ஊருக்குப் போன மனுஷனுக்கு ஒரு சித்தப்பன் வீடு, ஒன்றுவிட்ட ஓர் அண்ணன் வீடு கூடவா இல்லாமற்போயிற்று என்று எழுத்து வாசனை இல்லாத ஒரு கிழவி கேட்டுவிட்டால், வேத சாஸ்திரம் கற்றவர்கள் அவளுக்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. அந்நாட்டுக் குடியானவர் வீடுகளில், மனிதர் படுக்கும் மேட்டுத் தளத்துக்குக் கீழே அதே கூரையின்கீழ் ஆடுமாடுகளைக் கட்டித் தீவனத் தொட்டியையும் உள்ளேயே வைப்பது வழக்கமென்றும், ஆகையால் பிள்ளை பிறந்தது ஊருக்கு வெளியே தனித்துக் கிடந்த தொழுவத்தில் அன்று, ஜனங்கள் நிறைந்து இடம் போதாமற்போன ஓர் உறவினர் வீட்டிலேயே என்றும் கொள்ளுகிற பண்டிதர்கள் இருக்கிறார்கள். அது மெய்யானால், கூடுதலாக ஒரு பாய் விரிக்க இடமில்லாத நம் பட்டாசாலை பெத்லகேமுக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கிறது. எனக்கு அந்த அபிப்பிராயத்தின்மேல் ஒரு சபலம் உண்டு; சபலத்தைக் கொண்டு வியாக்கியானம் செய்யலாகாது என்பதனால் அதை அம்மட்டில் விடுகிறேன்.

இதைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பன்னிரண்டாம் வயதில் நடந்த சம்பவம். பஸ்காப் பண்டிகைக்கு எருசலேம் சென்று திரும்பும் வழியில், பையன் உறவுக்கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து, தாயும் தகப்பனும் ஒரு நாள் பிரயாண தூரம் அவனைத் தேடாமலேயே நடந்துவிட்டார்கள். பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதனால் யாருக்கும் கவலையில்லை. அத்தனை பேர் இருந்தும், அத்தனை பேர் இருந்ததனாலேயே, ஒருவரும் கவனிக்கவில்லை. உறவு தருகிற நிம்மதியும் உறவு உண்டாக்குகிற குருட்டுத்தனமும் ஒரே இடத்திலிருந்து வருவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதையை நான் அறியேன். தேவாலயத்தில் பிள்ளையைக் கண்டுபிடித்தபோது அவன் வேறொரு பிதாவைச் சுட்டிப் பேசினான். பேசியபின் அவர்களோடே நாசரேத்துக்குத் திரும்பி அவர்களுக்குக் கீழ்ப்படிந்தும் இருந்தான்.

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்தக் கேள்வியை மறந்திருப்பது விசித்திரம், ஏனென்றால் அவர்களுடைய சரித்திரமே இதில்தான் ஆரம்பிக்கிறது. தஞ்சையில் பிராமண குலத்தில் பிறந்து, விதவையாகி, 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாள் பாளையங்கோட்டையில் கட்டுவித்த சிறு கோயில், 1785-இல் பிரதிஷ்டையாகி, இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே வழங்கிவருகிறது. குலத்தை விட்டு வந்தவளுக்குக் குலத்தின் பெயரே நிலைத்தது. 1799-இல் சாத்தான்குளத்துக்கு அருகே தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் நிலம் தேடி முதலூரை உண்டாக்கியது, புது மார்க்கத்தில் சேர்ந்த காரணத்தால் சொந்த ஊரில் குடியிருக்க முடியாதபடி உபத்திரவப்பட்டவர்களுக்காக. அண்ணன் முகத்தில் விழிக்காமலும், தாய்மாமன் வீட்டுப் படி மிதிக்க இயலாமலும், சுற்றத்தின் நல்லது கெட்டதுகளுக்கு அழைப்பில்லாமலும் போன அந்த மனிதர்கள், தங்கள் முதல் கிறிஸ்துமஸை யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள்? நேற்றுவரை முன்பின் அறியாத, தங்களைப் போலவே துரத்தப்பட்டு வந்த வேறு சிலரோடு. விருந்தைப் பற்றிய அந்தக் கட்டளையை அவர்கள் தியானிக்கவேண்டிய அவசியமே இருந்திராது, அதற்குள்ளேயே வாழ்ந்தார்கள்.

பிறகு அவர்களுடைய பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அந்நியர் சம்பந்திகளானார்கள், சில தலைமுறைகளுக்குள், உறவற்றவர்களின் கூட்டமாகப் பிறந்த சபை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அத்தானும் கொழுந்தனுமாக நெருங்கிப்போயிற்று. இது இயற்கை; இதை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். குற்றம் எங்கே வருகிறதென்றால், நம் நாட்டில் உறவின் எல்லை எதுவோ அதுவே ஜாதியின் எல்லையாகவும் இருப்பதனால், ‘நம்ம ஆட்கள்’ என்ற பிரியமான சொல் வாசற்படியைத் தாண்டும்போதே வேறு முகம் காட்டிவிடுகிறது. சபைக்குள் ஜாதி வித்தியாசம் முழுவதும் ஒழியவேண்டும் என்று 1833-இல் டேனியல் வில்சன் என்ற அத்தியட்சர் உத்தரவு போட்டபோது, அதை எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசைக்காரர், பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். அத்தனை பெரிய பக்திமானுக்கே அது கூடவில்லை என்றால், ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து உறவுக்காரர் நடுவில் உட்கார்ந்து, உலகத்தையெல்லாம் நேசித்துவிட்டதாக மனம் குளிர்ந்துபோகிற நம்மைப் போன்றவர்களின் கதி என்ன?

அப்படியானால் பற்றறுத்தலே வழி என்று சிலர் சொல்லக்கூடும். நம் தேசத்தில் அப்படிச் சொல்வது சுலபம். ஆனால் சகலத்தையும் துறந்த பட்டினத்தடிகளே தாயின் சிதைக்கு வந்து சேர்ந்தார் என்றுதான் நம்முடைய மரபு சொல்லுகிறது. இயேசுவும் சிலுவையில் தொங்கும்போது தாயை மறக்கவில்லை. யோவானின் சுவிசேஷப்படி, அவளைத் தம் சகோதரர் பொறுப்பில் விடாமல் ஒரு சீஷனிடம் ஒப்படைத்து, இனி அவன் அவளுக்கு மகன், அவள் அவனுக்குத் தாய் என்று ஏற்படுத்தினார். அறுத்த இடத்திலேயே ஒட்டுக்கட்டுகிற தோட்டக்காரனின் காரியம் அது.

சுற்றத்துக்குச் சார்பாகச் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. சிநேகிதனை நாம் தேர்ந்துகொள்கிறோம், சித்தப்பாவைத் தேர்ந்துகொள்வதில்லை. பனங்காட்டு வரப்புக்காகக் கோர்ட்டு வரை போன இரண்டு சகோதரர்கள், கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் தாயின் கட்டாயத்துக்காக ஒரே பாயில் முழங்கால் படியிட்டுக் குடும்ப ஜெபத்தில் கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்லுவார்கள். பிறர் குற்றத்தை மன்னிப்பது பற்றிய வரி வரும்போது, அந்த இடத்தில் மட்டும் ஒருவருக்கு இருமல் வந்துவிடும். அயலானை நேசி என்ற கட்டளையில் வருகிற அயலான், தூர தேசத்து அநாதை அல்லன், இந்த இருமலுக்குக் காரணமானவன்தான் என்று எனக்குப் படுகிறது. அநாதைக்குப் பணம் அனுப்பிவிடலாம்.

பண்டிகைக்கு மறுநாள் 26-ஆம் தேதியை ஸ்தேவானுக்கும், 28-ஆம் தேதியை ஏரோதின் ஆட்களால் கொல்லப்பட்ட பெத்லகேம் குழந்தைகளுக்கும் உரிய நாட்களாகத் திருச்சபையின் பஞ்சாங்கம் வகுத்திருக்கிறது. குடும்பங்களின் சந்தோஷத்தை மூன்று நாள்கூடச் சும்மா விடக்கூடாது என்று யாரோ தீர்மானித்ததுபோல் இருக்கிறது. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் எந்த வேலைக்காக நியமிக்கப்பட்டார் என்பதை நினைப்பவர்கள் குறைவு. எருசலேம் சபையில் அன்றாடச் சாப்பாடு பகிர்ந்தபோது, கிரேக்க பாஷை பேசிய விதவைகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. நம் பாஷையில் சொன்னால் பந்தி வஞ்சனை. அதைச் சீர்செய்யத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரில் ஒருவர் ஸ்தேவான். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டுப்போன பக்கத்தார் கையிலேயே பந்தி விசாரணையை ஒப்புவித்துவிட்டார்கள் என்று இதனால் ஊகிக்கலாம்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் பிரதிஷ்டைப் பண்டிகை போன்ற நாட்களில் நடக்கும் அசனத்தில், கிடாக்கறியும் சோறும் அண்டா அண்டாவாக வெந்து, வந்தவர்கள் வந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம். அங்கே மாப்பிள்ளைக்குத் தனி இலை கிடையாது. கிறிஸ்துமஸ் மத்தியானத்திலோ வீட்டுக்கு வீடு கதவு சாத்திய தனிப்பந்தி. முதலில் மருமகன்மார், பிறகு ஆண்களும் பிள்ளைகளும், பிறகு சமைத்த பெண்கள், அவர்களுக்கும் பிறகு, அழைத்த வீட்டில் தங்கிக்கொண்டு வெங்காயம் உரித்துக் காலத்தைத் தள்ளும் தூரத்து உறவான ஒரு விதவை அத்தை. அவள் உட்காரும்போது எலும்பும் குழம்பும் மிஞ்சியிருக்கும். பந்துக்களையே அழைக்காதே என்ற கட்டளை நமக்கு ஆகாதென்றால், திருப்பிச் செய்ய வகையில்லாதவர் நம் பந்துக்களுக்குள்ளேயே ஒருவராவது இருப்பதையேனும் பார்க்கலாம்; போன வருஷம் கடைசியில் உண்டவர் கையில் இந்த வருஷம் கரண்டியைக் கொடுத்து, யாருக்கு முதலில் என்பதை அவரே தீர்மானிக்கட்டும் என்று விடலாம்.

இதை ஸ்தேவானின் கதையோடு சேர்த்து ஒரு வீட்டில் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மூத்த மதினி, “அந்த ஏழு பேரும் ஆம்பிளைங்கதானே? அவங்க பரிமாறினாங்க, சரி. ஆக்கினது யாரு?” என்றார். அப்போஸ்தலர் நடபடிகளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.