தெரியாமல் காத்த தர்மம்

தருமபுத்திரர் மலை ஏறிக்கொண்டிருக்கிறார், நேற்று அங்கேதான் நிறுத்தினோம். அதற்கு முன்னால் ஒரு விஷயம். நேற்று பிரசாதம் வாங்கும்போது ஒரு அம்மா கேட்டார்கள். தெருவில் கிடந்த நாய்க்குட்டியை மகள் தூக்கி வந்திருக்கிறாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. தூங்கும்போதுகூட ஒரு கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. டாக்டர், "டிஸ்டெம்பர் வந்து பிழைத்த குட்டி மாதிரி இருக்கிறது. இழுப்பு குறையலாம், ஆயுசுக்கும் இருக்கலாம்" என்றாராம். "சாமி, வீட்டில் வைத்துக்கொண்டால் ஆகுமா?"

ஆகுமாவா? தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறீர்களே, அவர் பக்கத்தில் நிற்பது யார் அம்மா? (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். சரி, மலைக்கு வாருங்கள். திரௌபதி விழுந்தாள். சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன், எல்லோரும் விழுந்தார்கள். கூட வந்தது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து, "நாயை விட்டுவிட்டு ஏறு" என்கிறான். தருமர் மறுக்கிறார். நம்பி வந்ததைக் கைவிட்டால் பிரம்மஹத்திக்குச் சமம் என்கிறார். அந்த நாய் யார்? தர்மதேவதை. அது எப்போது தெரிந்தது? மறுத்த பிறகு! தெரிந்து காத்தால் அது வியாபாரம். தெரியாமல் காத்தார், அதுதான் தர்மம். நமக்கோ, குட்டி சரியாகிவிடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் கருணை வரும்!

பாரதம் முடியும்போது மட்டுமா நாய் வருகிறது? ஆதிபர்வத்தில் சரமை என்ற நாயின் குட்டியை ஜனமேஜய ராஜாவின் தம்பிகள் அடித்தார்கள். தப்பே செய்யாத குட்டி. தாய் வந்து நியாயம் கேட்டாள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சபித்துவிட்டுப் போனாள். ராஜா நடுங்கிப்போனான்.

திருவண்ணாமலை போகிறவர்கள் ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. அது நோயில் கிடந்தபோது ரமண பகவானே பார்த்துக்கொண்டார்.

அதற்காக, கேட்டவுடன் எல்லோரும் ஓடிப்போய் ஆளுக்கொரு குட்டியைத் தூக்கி வராதீர்கள். விபீஷணன் வந்து நின்றபோது ராமன் என்ன செய்தான்? சுக்ரீவன் வேண்டாம் என்றான், அனுமன் சேர்க்கலாம் என்றான். அத்தனை பேரையும் பேசவிட்டுக் கேட்டான். சேர்த்த பிறகு மறுபேச்சு இல்லை. வீட்டிலும் அப்படித்தான். பகலில் யார் பார்ப்பது, மருந்துச் செலவு யார் தருவது, ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது? உட்கார்ந்து பேசுங்கள்.

அம்மா, அந்த டிஸ்டெம்பர் நோய் மனிதருக்கு ஒட்டாது, பயப்படாதீர்கள். மற்ற நாய்களுக்குப் பரவும். வீட்டில் வேறு நாய் இருந்தால் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், டாக்டர் சொல்லும்வரை தனியாக வையுங்கள். மூன்று மாதமானதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. டைல்ஸ் தரையில் வழுக்கும், கோணிச் சாக்கை விரியுங்கள். தலை சாய்ந்த குட்டிக்கு மூக்கு கிண்ணத்துக்கு வெளியே போகும். கிண்ணத்தைக் கையால் பிடித்துக்கொண்டால் போதும், தானே சாப்பிடும். சில குட்டிக்குக் காது கேட்காது. தரையைத் தட்டினால் அதிர்வில் திரும்பும், கைச் சைகையையும் கற்றுக்கொள்ளும். மந்தம் என்று அடிக்காதீர்கள். சரமை கேட்ட கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முடியாதா? பாவமில்லை. முடிந்தவர் வீட்டைத் தேடி, குறையை மறைக்காமல் சொல்லி ஒப்படையுங்கள், அதுவும் தர்மம். ஆனால் நாலு மாதம் கொஞ்சிவிட்டு, இழுப்பு நிற்கவில்லை என்றதும் பைரவர் பார்த்துக்கொள்வார் என்று கோயில் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து அர்ச்சனை செய்யாதீர்கள். அந்த அர்ச்சனை ஏறாது. நான் சொல்லவில்லை, தேரில் ஏறாமல் நின்ற தருமர் சொல்கிறார்.