கேட்டபோது சொல்லாதது

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் உள்ள ஒரு காயலான் கடையில் 1,200 ரூபாய்க்கு ஒரு பழைய கித்தான் வாங்கினேன். ஒரு வாரம் கழித்து அதை 18,000 ரூபாய்க்கு விற்றேன். இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா? சட்டென்று தோன்றுகிற பதில், இல்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நானும் ஒரு மாதம் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

முதலில் அது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். பழைய ராணுவச் சாமான்களை அடையாளம் காண்பது எனக்கு எட்டு வருடப் பழக்கம். கடைக்காரருக்கு அது தார்ப்பாய். மடிப்பைப் பிரித்ததும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. கூடாரம் என்றால் நான்கு பக்கமும் சுவர் இருக்கும். இதற்கு மூன்று பக்கம்தான். கூரை ஒரே பக்கமாகச் சரிந்தது. சுவர் இல்லாத நான்காவது பக்கத்தின் விளிம்பில் தடித்த கயிற்று வளையங்கள் வரிசையாக இருந்தன. அப்படியென்றால் நான்காவது சுவர் வேறு ஏதோ ஒன்றாக இருந்திருக்க வேண்டும்: கனமான, உயரமான, கயிறு கட்டினால் அசையாத ஒன்று. ஒரு டாங்க்.

இரண்டாம் உலகப் போரில் டாங்க் வீரர்கள் ராத்திரி இப்படித்தான் தூங்கினார்கள். டாங்கிக்கு அடியில் படுப்பது பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் மண் இளகியிருந்தால் அத்தனை டன் எடையும் மெல்ல இறங்கும். அப்படி நசுங்கி இறந்தவர்கள் உண்டு. அதனால் கித்தானின் ஒரு விளிம்பை டாங்கியின் பக்கவாட்டில் கட்டி, மறு விளிம்பை முளையடித்து, அதற்குள் நாலைந்து பேர் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள்.

மூலையில் மை முத்திரை இருந்தது. காக்கைக் கால் மாதிரி ஒரு அம்புக்குறி, அதன் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்து, 1944. அந்த அம்பு பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கான அடையாளம். அதை அழிப்பதையே குற்றமாக்கி 1875இல் இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள். இன்றைக்கும் நம் ராணுவ வண்டிகளின் நம்பர் பிளேட்டில் மேல்நோக்கிய அம்பு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'ஐ' இந்தியாவுக்கானது. இந்தக் கித்தானில் இன்னொன்றும் இருந்தது. முதல் அம்பின் நுனியைத் தொட்டபடி தலைகீழாக இரண்டாவது அம்பு. நுனியோடு நுனி முட்டும் இரண்டு அம்புகள் என்றால், சர்க்காரே முறைப்படி விற்றுக் கழித்த பொருள் என்று அர்த்தம். போர்க்காலத்தில் ஆவடியில் பெரிய ராணுவத் தளம் இருந்தது. போர் முடிந்ததும் மிச்சச் சரக்கு ஏலத்துக்கு வந்தது. அப்படி ஏதோ ஒரு வழியில் இது துறைமுகத்துப் பக்கம் வந்து சேர்ந்திருக்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. கடைக்காரருக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

வாங்கியவர் பழைய ராணுவ வண்டிகளைப் புதுப்பிப்பவர். அவருக்கு எல்லா விவரமும் சொல்லித்தான் விற்றேன். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் வாங்கிய இடத்தில்.

சட்டம் என் பக்கம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பேசவேண்டிய கடமை இல்லாதபோது வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. அங்கே கொடுத்திருக்கும் உதாரணங்களில் ஒன்று இரண்டு வியாபாரிகளைப் பற்றியது. விலை மாறப்போவது ஒருவனுக்கு மட்டும் தெரியும். அதை மற்றவனுக்குச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

அறிவுக்கு விலை உண்டு என்கிற வாதமும் என் பக்கம். அந்தோணி க்ரோன்மன் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1978இல் இதை வைத்தார். பாடுபட்டுத் தேடிய தகவலையும் இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நாளைக்கு யாரும் தேட மாட்டார்கள். எட்டு வருடம் கண் எரியப் பழைய கையேடுகள் படித்தவன் நான். 16,800 ரூபாய் லாபம் அந்த எட்டு வருடத்துக்கான கூலி. நல்ல வாதம், இல்லையா? இதற்கு இன்றும் என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை.

இந்தக் கேள்வி பழசு. கி.மு. 44இல் சிசெரோ தன் மகனுக்காக எழுதிய 'கடமைகள்' நூலில் ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி கப்பலில் தானியத்தோடு வந்து இறங்குகிறான். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி, மறைப்பது வேறு, சும்மா இருப்பது வேறு என்கிறார். ஆன்டிபாட்டர், சொல்லத்தான் வேண்டும் என்கிறார். சிசெரோ ஆன்டிபாட்டர் பக்கம் சாய்கிறார். அதே நூலில் வாங்குபவன் கதையும் உண்டு. ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலத்தை வாங்கப் போகிறார். விற்பவர் விலை சொன்னதும், "இது அதைவிட அதிகம் பெறும்" என்று சொல்லி ஒரு லட்சம் நாணயம் கூட்டிக் கொடுக்கிறார். அவர் நல்லவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்களாம். புத்திசாலி என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லையாம். இரண்டாயிரம் வருடம் கழித்தும் நம் தெருவில் இதே பேச்சுதான்.

நம் பட்டினப்பாலையிலும் ஒரு துறைமுகம் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கும் சரக்கின் மீது சோழனின் புலிச் சின்னத்தைக் குத்தி அனுப்புகிறார்கள். அதே ஊர் வணிகர்கள் வாங்கும்போது கூடுதலாக இழுக்க மாட்டார்கள், விற்கும்போது அளவைக் குறைக்க மாட்டார்கள் என்றும் அந்தப் பாட்டு சொல்கிறது. சரக்கு அரசாங்கத்தின் கணக்கில் இருக்கிறது என்பதைச் சின்னம் சொல்லிவிடும். விற்பவனும் வாங்குபவனும் ஒருத்தரை ஒருத்தர் எப்படி நடத்த வேண்டும் என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சாதகமாகவே படித்துக்கொண்டிருந்தேன், 1817இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு புகையிலை வழக்கை எட்டும் வரை. போர் முடிந்த சேதி 1815இல் நியூ ஆர்லியன்ஸுக்கு வருகிறது. ஊர் முழுக்கப் பரவும் முன்பே தெரிந்துகொண்ட ஆர்கன் என்பவர் புகையிலையை வாங்கிப் போடுகிறார். பிறகு விலை எகிறுகிறது. வாங்குபவர் தானாக முன்வந்து சொல்லவேண்டியதில்லை என்றார் நீதிபதி மார்ஷல். ஆனால் எதிராளி ஏமாறும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும் சொல்லி, மறு விசாரணைக்கு அனுப்பினார். காரணம், விற்றவர் முன்கூட்டியே கேட்டிருந்தார்: ஏதாவது சேதி உண்டா?

அங்கேதான் மாட்டினேன். கடைக்காரரும் என்னைக் கேட்டிருந்தார்.

"இன்னா தம்பி, அந்த மூலையவே பாத்துக்கினு கீற? இது இன்னா, எதுனா விசேஷமா?"

"ஒண்ணும் இல்லண்ணே. மொட்டை மாடில வெயிலுக்குக் கட்டலாம்னு."

ஒரு மாதமாக நான் 'மௌனம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். நான் சும்மா இருக்கவில்லை. பொய் சொன்னேன். க்ரோன்மன் வாதம் இதற்கு உதவாது. தேடியதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் உரிமைக்காகத்தான் அவர் பேசுகிறார். கேட்டவனைத் திசை திருப்புவதற்காக இல்லை.

டாங்கியோடு போன கித்தான்களும் பொய் சொல்லியிருக்கின்றன. 1942 அக்டோபரில் எல் அலமைன் சண்டைக்கு முன்னால், பிரிட்டிஷ் படை டாங்கிகளின் மேல் சட்டம் கட்டிக் கித்தான் போர்த்தி வைத்தது. வானத்திலிருந்து பார்த்தால் லாரி. எதிரி தன்னை எண்ணிக்கொண்டிருக்கும்போது அது நியாயம்தான். ஆனால் காயலான் கடை அண்ணன் எனக்கு எதிரி இல்லை. கித்தானைச் சுருட்டிக் கட்டும்போது, நான் கேட்காமலே ஒன்று சொன்னார்: "மழை பெய்யச் சொல்ல உள்பக்கம் கை வெச்சிடாத தம்பி. வெச்ச எடத்துல ஒழுக ஆரம்பிச்சுடும்." பருத்தி நூல் நனைந்து உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும், தொட்டால் தண்ணீர் அந்த இடத்தில் உள்ளே வழிய ஆரம்பிக்கும். சரியான தகவல். அவரிடம் இருந்ததைச் சும்மா கொடுத்தார். நான் படித்த பழைய கையேடுகளையும் யாரோ முகம் தெரியாதவர்கள் சும்மாதான் ஸ்கேன் செய்து போட்டிருந்தார்கள். அந்த எட்டு வருட உழைப்பில் என்னுடையது எவ்வளவு என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

லாபத்தில் பாதி, 8,400 ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். பணத்தைத் தொடாமல் என்னையே பார்த்தார்.

"மிலிட்ரி மால்னு தெரியும் தம்பி. அந்த அம்பு எனக்கும் தெரியும். எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த யாபாரம். போலீஸ் வந்து கேட்டா இன்னா சொல்றதுன்னுதான் அந்த ரேட்டுக்குத் தள்ளிவுட்டேன்."

ஆக, அவரும் ஒன்றை மறைத்திருந்தார். ஒரே குறி. எனக்கு அது விலை, அவருக்கு அது பயம். அவர் பயத்தை என் தலையில் கட்டினார். நான் விலையை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். சரிக்குச் சரி என்று மனசு கொஞ்சம் லேசானது.

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். "அம்பு ஒண்ணு இல்லண்ணே, ரெண்டு. மூக்கோட மூக்கு முட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. சர்க்காரே வித்தது. உங்களுக்கு ஒரு பிரச்சனையும் வந்திருக்காது."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதே மாரி இன்னொண்ணு இருந்துது தம்பி. நீ அந்தக் குறியவே மொறச்சுப் பாத்துட்டு, மாடிக்குன்னு சொல்லிட்டுப் போனியா... ஆள் செரியில்லன்னு தோணிச்சு. அன்னிக்கு ராத்திரியே குறிய மட்டும் கத்திரிச்சுப் போட்டுட்டு, மிச்சத்தக் காசிமேட்டுல ஐஸ் பொட்டி மேல போத்துறதுக்குக் குடுத்துட்டேன்."

சட்டத்தின் உதாரணங்களில் இப்படி ஒன்று வராது. அங்கே தகவலை மறைத்தால் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறும், அவ்வளவுதான். இங்கே என் பொய் ஒருத்தரைப் பயமுறுத்தியிருந்தது. 1944லிருந்து தப்பிப் பிழைத்த ஒரு பொருள், அதை அடையாளம் காணத் தெரிந்தவன் வந்து போன அன்றைக்கே அடையாளத்தை இழந்திருந்தது. அதில் யாருக்கும் லாபம் இல்லை.

8,400ஐ எண்ணி மேல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே கேட்டேனே தம்பி," என்றார்.