ஊற்றின் மகிமையும் லீட்ஸ் பாதிரியாரும்

ஜெர்மனியின் பிர்மான்ட் ஊற்றில் தண்ணீர் தானாகவே குமிழி விட்டுப் பொங்கும். அந்தத் துள்ளலில் ஏதோ உயிர்ச்சக்தி குடியிருக்கிறது என்று நம்பி நோயாளிகள் அங்கே போனார்கள். போக முடியாதவர்கள் புட்டியில் வரவழைத்துக் குடித்தார்கள். 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மில் ஹில் தேவாலயத்துக்குப் பாதிரியாராக வந்த ஜோசப் பிரீஸ்ட்லி, பக்கத்து மதுபான ஆலையில் பீர் நொதிக்கும் தொட்டிக்கு மேலே இரண்டு பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டு, டீ ஆற்றுவதுபோலத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். சில நிமிடங்களில் பிர்மான்ட் நீரின் அதே சுறுசுறுப்பு வந்துவிட்டது. பிறகு சுண்ணாம்புக்கல் தூளில் கந்தக அமிலம் விட்டு கரியமில வாயுவை எடுத்துத் தண்ணீரில் கரைக்கும் முறையை 1772-இல் சிறு நூலாகவே எழுதி வெளியிட்டார். ஊற்றின் ரகசியம் போயிற்று. புனிதமும் கூடவே போயிற்றா?

போகவில்லை என்றே நினைக்கிறேன். அதற்குச் சொல்லிவந்த தவறான காரணம்தான் போனது. உடலுக்குள் ஆன்மா என்று தனியாக ஒன்று இல்லை, சடப்பொருளே சிந்திக்க வல்லது என்று 1777-இல் வாதிட்ட பிரீஸ்ட்லி, கடவுளையும் உயிர்த்தெழுதலையும் கடைசிவரை நம்பினார். பொருளின் இயல்பு தெரியத் தெரியப் படைத்தவன் சிறுத்துப்போவான் என்று அவருக்குத் தோன்றவில்லை. அது ஒரு தனிமனிதரின் மனப்பாங்கு, நிரூபணமாகாது என்பார்கள். சரிதான். ஆனால் எதிர்த்தரப்புக்கும் இதில் நிரூபணம் கிடையாது: தண்ணீரில் கரைந்திருப்பது கரியமில வாயு என்ற செய்தி, அதைக் குடிப்பவன் நன்றியோடு குடிக்கலாமா கூடாதா என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அற்புதத்தைக் கலைத்த அதே மனிதர், மாலுமிகளின் ஸ்கர்வி நோயை இந்தத் தண்ணீர் தீர்க்கும் என்று நம்பினார். தீர்க்கவில்லை, அதற்கு வேண்டிய வைட்டமின் சி எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றில்தான் இருக்கிறது. அதாவது, ஊற்றை விட்ட பக்தி கருவியில் போய் ஒட்டிக்கொண்டது. பிரியாணிக்குப் பின் கோலி சோடா குடித்து ஏப்பம் விட்டதும் செரித்துவிட்டது என்கிறோமே, அதுவும் இந்த வகைதான். வெளியே வருவது பெரும்பாலும் சற்றுமுன் உள்ளே போன வாயு. இத்தகைய கூற்றுகளைச் சோதித்துத் தள்ளலாம், தள்ளவும் வேண்டும். நாக்கில் ஏறும் அந்தச் சுரீர் வேறு விஷயம். குமிழியே எழாதபடி அழுத்த அறைக்குள் வைத்துக் கொடுத்தாலும் அது குறைவதில்லை. கார்பானிக் அமிலம் நரம்பைச் சீண்டுவதால் வருவது அது. இதைப் படித்தபின் யாருக்கும் சோடா சப்பென்று ஆகிவிடவில்லை.

இந்த நிலைப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. தொட்டியில் கரைந்த வாயுவும் ஊற்றில் கரைந்ததும் ஒன்றே என்றான பின், மகிமை எல்லாத் தண்ணீருக்கும் உண்டு, அல்லது எதற்குமே இல்லை. பிர்மான்டுக்கு மட்டும் தனி மகிமை கேட்பவர்களுக்கு இதில் நஷ்டம்தான்.