யார் வரைந்தது?

1966 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் 'கிரேட்ஃபுல் டெட்' குழுவின் இசை நிகழ்ச்சி நடந்தது. அதற்காக ஸ்டேன்லி மவுஸும் ஆல்டன் கெல்லியும் செய்த போஸ்டரை ஏதாவது ஒரு டி-சட்டையிலாவது நீங்கள் பார்த்திருக்கலாம். மண்டை ஓட்டில் ரோஜாக்களைச் சூடிய எலும்புக்கூடு. சைக்கடெலிக் போஸ்டர் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அந்த எலும்புக்கூட்டை அவர்கள் வரையவில்லை. எட்மண்ட் சல்லிவன் என்ற ஆங்கில ஓவியர், உமர் கய்யாமின் 'ருபாயத்' நூலின் 1913ஆம் ஆண்டுப் பதிப்புக்குக் கறுப்பு வெள்ளையில் வரைந்த படம் அது. பொது நூலகத்தில் அதைப் பார்த்த இருவரும் அப்படியே எடுத்து, நிறம் கொடுத்து, எழுத்தைச் சேர்த்தார்கள். சல்லிவன் 1933லேயே இறந்துவிட்டார். போஸ்டரில் அவர் பெயர் இல்லை.

இது திருட்டா என்று கேட்டால் உடனே 'ஆமா' என்று சொல்லிவிட முடியவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்துப் போஸ்டர்காரர்கள் எல்லாருமே யாரிடமிருந்தாவது எதையாவது எடுத்தவர்கள்தான். விக்டர் மொஸ்கோசோ யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் நிறங்களைப் படித்தவர். ஒரே அளவு வெளிச்சம் கொண்ட இரண்டு எதிர் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளிம்பு அதிர்வதுபோல் கண்ணுக்குத் தெரியும். கண்ணை உறுத்தும் என்று மற்றவர்கள் தவிர்த்ததையே அவர் தன் போஸ்டரின் உயிராக்கினார். அதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டோம், படிப்பு என்போம். வெஸ் வில்சன் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போனார். வியன்னாவின் ஆல்ஃபிரட் ரோலர் 1903 வாக்கில் வரைந்த, கட்டம் கட்டமாக இடத்தை நிரப்பும் எழுத்தை எடுத்து, தீ மாதிரி நெளியவிட்டார். ரோலரிடமிருந்து எடுத்ததை அவர் மறைக்கவும் இல்லை. மவுஸும் கெல்லியும் எடுத்தது முழுப் படத்தையே.

ஒருவர் பாடத்தை எடுத்தார், ஒருவர் எழுத்தை எடுத்தார், இருவர் படத்தையே எடுத்தார்கள். இதில் கோட்டை எங்கே போடுவது? எவ்வளவு எடுத்தார்கள் என்று அளந்து கோடு போடலாம் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காரணம், நானே செய்த ஒரு வேலை.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், தமிழ்ச் சங்கத்தின் இசை இரவுக்கு நான்தான் போஸ்டர் செய்தேன். ஈப்போவில் ஒரு பழைய முடிதிருத்தும் கடையின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். கையால் எழுதியது. சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல். 'டி'யின் மேல் வளைவு குடை மாதிரி விரிந்து அடுத்த எழுத்தைத் தொடும். அதைக் கணினியில் வைத்து ஒவ்வொரு கோடாக நகலெடுத்து எங்கள் நிகழ்ச்சியின் பெயரை எழுதினேன். போஸ்டரைப் பார்த்தவர்கள் எல்லாம் எழுத்தைத்தான் பாராட்டினார்கள். "நீயாடா வரைஞ்ச?" என்று ஒரு நண்பன் கேட்டான். "ஆமா" என்றேன். ஒரே ஒரு சொல்தான்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடையில் பிளாஸ்டிக் பலகை மாட்டியிருந்தது. உள்ளே போய், பழைய பலகையை எழுதியது யார் என்று கேட்டேன். "எங்கப்பா காலத்துல யாரோ ஒருத்தர் வந்து எழுதுனாரு தம்பி. பேரு தெரியல. பலகையத் தூக்கிப் போட்டாச்சு," என்றார் கடைக்காரர்.

மவுஸுக்கும் கெல்லிக்கும் சார்பாக நிறையப் பேசலாம். வாராவாரம் நிகழ்ச்சி, வாராவாரம் போஸ்டர். விளக்குக் கம்பத்தில் ஒட்டி, மறுவாரம் கிழிந்துபோகும் காகிதத்தில் யார் நன்றி எழுதுவார்கள்? அவர்கள் எடுக்காமல் விட்டிருந்தால் இன்று சல்லிவனைத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவாகத்தான் இருப்பார்கள். படத்தை எங்கிருந்து எடுத்தோம் என்பதைப் பிற்காலத்தில் மவுஸ் வெளிப்படையாகவே சொன்னார். எல்லாவற்றுக்கும் மேல், சல்லிவனின் புத்தகம் நூலகத்தில் இருந்தது. அவர்கள் வாயைத் திறக்காவிட்டாலும் என்றாவது யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

என் பலகைக்காரருக்குப் புத்தகமும் இல்லை, நூலகமும் இல்லை. பெயர் உள்ளவரிடம் எடுத்தால் அந்தக் கடனைச் சொல்ல நாளைக்கு இன்னொருவர் வரக்கூடும். பெயர் தெரியாதவரிடம் எடுத்தால் எடுத்தவனைத் தவிர வேறு சாட்சி கிடையாது. 'யாருக்கும் தெரியப் போவதில்லை' என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தைரியம் கொடுத்தது. உண்மையில் என் கடனை அதிகமாக்கியதும் அதுதான்.

என் வேலையில், ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், திருத்தியவர் என்று அதில் பெயர்கள் வரிசையாக வரும். பழைய வரைபடத்தை எடுத்து மாற்றினாலும் பழைய பெயரை அழிப்பதில்லை, கீழே நம் பெயரைச் சேர்ப்போம். பாலம் விரிசல் விட்டால் யாரைக் கேட்பது என்பதற்காக அந்த ஏற்பாடு. பாராட்டு வரும்போது யாரைக் காட்டுவது என்பதற்கும் அது உதவும்.

அந்தப் போஸ்டர் கோப்பு இன்னமும் என்னிடம் இருக்கிறது. போன வாரம் திறந்து, கீழ் மூலையில் சின்னதாக ஒரு வரி சேர்த்தேன்: 'எழுத்து: ஈப்போவில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் பலகை எழுதியவர்.' நிகழ்ச்சி முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இனி அதை யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த நண்பனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.