மறுநாளும் நின்ற நடுவர்

பிழைபட்ட தீர்ப்பை வழங்கிய பாண்டியன் நெடுஞ்செழியன், உண்மையை உணர்ந்த அக்கணமே அரியணையில் வீழ்ந்து உயிர்நீத்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அவன் மாண்ட விதத்தைப் போற்றியே நாம் வளர்ந்திருக்கிறோம். ஆனால் தவறிய நடுவர்கள் எல்லாரும் அவ்வாறு மாண்டுவிடுவதில்லை. மறுநாள் காலை எழுந்து, முகம் கழுவி, மீண்டும் அதே பணிக்குச் செல்ல வேண்டியவர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்குரிய அறம் யாது? அவர்களால் இழப்புற்றோர் அவர்களிடம் எதைக் கேட்கலாம்? இவ்வினா எழும்போதெல்லாம் அமெரிக்காவின் விளையாட்டுத் திடல் ஒன்று நம் நினைவுக்கு வருகிறது.

1985 அக்டோபர் 26. பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் கான்சாஸ் சிட்டி நகரில் நடைபெற்றது. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் அணிக்கே பட்டம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மூன்றையும், கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் இரண்டையும் வென்றிருந்தன. ஒன்பதாவதாகிய இறுதிச் சுற்றில் ராயல்ஸ் மட்டை பிடிக்க வந்தபோது கார்டினல்ஸ் 1-0 என்று முன்னணியில் இருந்தது. இன்னும் மூவரை ஆட்டமிழக்கச் செய்தால் பட்டம் கைக்கு வந்துவிடும்.

முதலில் வந்த ஹோர்ஹே ஓர்ட்டா அடித்த பந்து தரையில் உருண்டது. ஜாக் கிளார்க் அதை எடுத்து, முதல் தளத்துக்கு விரைந்து வந்த பந்துவீச்சாளர் டாட் வோரலிடம் எறிந்தார். பந்து முந்திற்று, ஓடிவந்தவர் பிந்தினார். நடுவர் டான் டென்கிங்கரோ கைகளை விரித்து, ஓர்ட்டா ஆட்டமிழக்கவில்லை என்றார். தொலைக்காட்சியில் திரும்பக் காட்டப்பட்ட படம் அத்தீர்ப்பு பிழையென்று ஐயத்துக்கிடமின்றி உணர்த்திற்று. ஆயினும் படத்தைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் விதி அந்நாளில் இல்லை.

அவர் ஏன் தவறினார்? கிரிக்கெட் நடுவர் மட்டையின் விளிம்பில் எழும் ஓசைக்குச் செவி கொடுப்பதுபோல, பேஸ்பால் நடுவரும் தளத்தை மிதிக்கும் காலைக் கண்ணால் நோக்கி, கையுறையில் பந்து விழும் ஓசையைச் செவியால் கேட்டே முடிவு செய்கிறார். அன்றைய ஆரவாரத்தில் அவ்வோசை தமக்குக் கேட்கவில்லை என்று டென்கிங்கர் பின்னாளில் விளக்கினார். வஞ்சமில்லை, கையூட்டில்லை. அடங்காக் கூச்சலுக்கிடையே ஒரு மனிதனின் புலன்கள் பொய்த்தன, அவ்வளவே.

பின்னர் நடந்தவற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அடுத்து வந்த ஸ்டீவ் பால்போனி உயரத் தூக்கிய எளிய பந்தைக் கார்டினல்ஸ் அணியினர் பிடிக்காமல் தரையில் விழவிட்டனர். பிழைத்த அவர் அடுத்து நன்றாகவே அடித்தார். அதற்கடுத்த பந்தாட்டத்தில், நடுவரின் பிழையால் தளமேறிய அதே ஓர்ட்டா மூன்றாம் தளத்தில் ஆட்டமிழந்தார். ஆம், அந்தத் தவறான தீர்ப்பின் பயனைப் பெற்றவர் ஓட்டம் எடுக்கவே இல்லை! பிறகு பந்தைப் பற்றும் காவலர் ஒரு பந்தைக் கைநழுவவிட, ஓட்டக்காரர்கள் முன்னேறினர். இறுதியில் டேன் ஐயோர்க் அடித்த அடியில் இருவர் ஓடி முடிக்க, ராயல்ஸ் 2-1 என வென்றது. மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் கார்டினல்ஸ் 0-11 என்று நொறுங்கிற்று. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து அவ்வணி எடுத்த ஓட்டங்கள் 13 மட்டுமே.

எனினும் பட்டம் பறிபோனது அத்தீர்ப்பினாலேயே என்று செயின்ட் லூயிஸில் பல்லாண்டு பேசினார்கள். அதை முற்றும் மறுக்கவும் இயலாது. ஓர்ட்டா அப்போதே வெளியேறியிருந்தால் பின்னர் வந்தவர்கள் வேறு விதமாக ஆடியிருப்பார்கள். ஆனால் கைவிட்ட பந்தும், நழுவிய பந்தும், மறுநாளைய சரிவும் நடுவரின் கணக்கில் எழுதத்தக்கவை அல்ல. அயலூரில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் இத்தகைய கதைகள் உண்டு: “அன்று அந்த அதிகாரி மட்டும் கையெழுத்திட்டிருந்தால்…” என்று தொடங்குபவை. அவை பொய்யல்ல. ஆனால் அந்த அதிகாரி கதையில் வளர வளர, அதன்பின் வந்த இருபது ஆண்டுகளில் நாம் செய்தவையும் செய்யத் தவறியவையும் சுருங்கிவிடுகின்றன.

ஆறாவது ஆட்டம் முடிந்ததும் டென்கிங்கர், தாம் கூறியது சரிதானா என்று பேஸ்பால் ஆணையர் பீட்டர் யூபராத்திடம் கேட்டார். இல்லை என்ற விடை கிடைத்தது. மறுநாள் முறைப்படி அவர் நிற்க வேண்டிய இடம் மட்டையாளருக்குப் பின்னே, ஒவ்வொரு வீச்சுக்கும் தீர்ப்புச் சொல்லும் இடம். நின்றார். அன்று கார்டினல்ஸ் மேலாளர் வைட்டி ஹெர்சாக்கைத் திடலைவிட்டு வெளியேற்றவும் நேர்ந்தது. பின்னர் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவர் விலகவில்லை, 1998 வரை பணியாற்றினார். 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்திலும் அதே இடத்தில் நின்றார். தம் பிழையை மறைக்கவில்லை; படத்தின் துணையைக் கொள்ள வேண்டும் என்றும் கூறினார். அவ்விதி 2014இல் விரிவாக நடைமுறைக்கு வந்தது. அவர் 2023இல் மறைந்தார். உயிர் துறந்த பாண்டியனைவிட இவர் சுமந்தது இலேசானது என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

இழப்புற்றவர் பக்கமும் ஓர் உயர்ந்த காட்சி உண்டு. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் அர்மாண்டோ கலராகா எதிரணியின் 26 பேரை ஒருவர்கூடத் தளமேறாதவாறு வெளியேற்றினார். எஞ்சிய ஒருவரும் வெளியேறியிருந்தால் அரிதினும் அரிய சாதனை. அவரும் உண்மையில் வெளியேறியவரே. நடுவர் ஜிம் ஜாய்ஸ் இல்லையென்று தவறாகக் கூறிவிட்டார். கலராகா புன்னகைத்து, அடுத்த பந்தை வீசச் சென்றார். படத்தைப் பார்த்த ஜாய்ஸ் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலை நடுவரிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகாவே. ஜாய்ஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அதைப் பெற்றார்.

இவற்றை எழுத நமக்கொரு காரணமும் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் சிறுவர் பேச்சுப் போட்டி ஒன்றுக்கு நாம் நடுவராக அமர்ந்தோம். பரிசளிப்பு முடிந்து பேருந்தில் திரும்புகையில் மதிப்பெண் தாளை மீண்டும் கூட்டிப் பார்த்தபோது, இரண்டாம் பரிசு பெற்ற சிறுமிக்கு மூன்று மதிப்பெண் விடுபட்டிருந்தது தெரிந்தது. முதற்பரிசு அவளுடையது. அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றிருந்தோம். அடுத்த வாரமும் கடந்தது. அவள் தந்தைக்கு வேற்றூருக்கு மாற்றலாயிற்று. அந்தத் தாள் இன்னும் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.